இரண்டாவது அழுத்தல்

டிசம்பர் 1, திங்கள்

காலை 152/96. மாத்திரை போட்டேன்.

டாக்டர் சொன்னதால் இந்த நோட்டு. தினமும் பிரஷரைக் குறித்துவிட்டு, அன்று என்ன செய்தேன், எவ்வளவு தூங்கினேன் என்று இரண்டு வரி எழுத வேண்டுமாம். அடுத்த முறை வரும்போது காட்டச் சொன்னார். நாற்பத்தைந்து வயதில் வீட்டுப்பாடம்.

இன்று பதினொரு வீடு. ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். புத்தூரில் நான்கு, தில்லை நகரில் ஐந்து, உறையூரில் இரண்டு. எல்லாம் வெறும் வயிற்று ரத்தம். ஒன்பது மணிக்குள் எடுத்து லேபில் சேர்க்காவிட்டால் மேனேஜர் சேவியர் சாரின் முகம் மாறிவிடும். பனியில் ஸ்கூட்டர் ஓட்டி விரல் மரத்துப்போனால் நரம்பு பிடிபடுவதில்லை. உறையூர்ப் பெரியவருக்கு இரண்டு முறை குத்த வேண்டியதாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மருமகள் சொன்னாள்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் ஆறு பேரையும் சேவியர் சார் மதியம்வரை நிற்கச் சொன்னார். போன வாரம் வேறு கிளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை, விடிவதற்கு முன்னால் வாய்க்கால் ஓரத்தில் வைத்து பைக்கில் வந்த ஒருவன் பிடித்து இழுத்திருக்கிறான். வண்டியோடு விழுந்து கை முறிந்துவிட்டது. அதனால் எங்களுக்கு ஆளுக்கொரு பெப்பர் ஸ்ப்ரே வாங்கியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு எஸ்.ஐ. வந்து சொல்லித் தருவாராம்.

வெள்ளிக்கிழமை எனக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது. யாரை வாங்கிவைக்கச் சொல்வது?

டிசம்பர் 5, வெள்ளி

150/94. தூக்கம் நான்கு மணி நேரம்.

லேப் மொட்டை மாடியில் பயிற்சி நடந்தது. எஸ்.ஐ. பெயர் பரமேஸ்வரி. முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கும் சரியான தூக்கம் இல்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அதனாலோ என்னவோ எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முதலில் சட்டத்தைச் சொன்னார். இதை வாங்கவோ வைத்துக்கொள்ளவோ லைசென்ஸ் வேண்டாம். விமானத்தில் உள்ளே எடுத்துப்போகக் கூடாது. நாங்கள் எங்கே விமானத்தில் போகிறோம் என்று ரெஹானா சிரித்தாள். எங்கள் ஆறு பேரில் அவள்தான் சின்னவள். யாராவது நம் உடம்பில் கைவைக்க வந்து, போலீஸ் வந்து சேர நேரம் இல்லையென்றால், தடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறதாம். வாய்ச் சண்டைக்கோ வண்டி நிறுத்தும் தகராறுக்கோ எடுத்தால் வழக்கு நம் மேல்தான் வருமாம். பிறகு எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆபத்து இருக்கிற வரைக்கும்தாங்க அந்த உரிமை. அவன் விழுந்துட்டான், இல்ல ஓடிட்டான்னா, அந்த நிமிஷமே உங்க உரிமையும் முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல அடிச்சா, நீங்க அவனை அடிச்ச கணக்குதான்."

பிறகு அடிக்கும் முறை. டப்பாவை நேராகப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கண்ணைப் பார்த்து, ஒரு நொடி. அவன் பிடித்திருந்தால் முதலில் உதறிவிட்டுப் பின்னால் போக வேண்டும். அழுத்தியதும் பக்கவாட்டில் விலக வேண்டும், ஏனென்றால் கண் தெரியாமலே முன்னால் பாய்வார்களாம். அங்கேயே நின்று என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கத்திக்கொண்டே ஆள் இருக்கும் பக்கம் ஓடி, 112க்குப் போன் செய்ய வேண்டும். பூட்டிய அறையில் அடித்தால் எல்லோருக்கும் ஏறும். நமக்குப் பட்டால் தேய்க்காமல் காற்றாட நின்று, தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர் நிரப்பிய டப்பாவை வைத்துப் பழகினோம். நான் காற்றைப் பார்க்காமல் அழுத்தி, எல்லாம் என் முகத்திலேயே வந்து விழுந்தது. மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டாவது முறை சரியாகப் போயிற்று. ஆனால் எஸ்.ஐ. அருகில் வந்து, மெதுவாக, நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவதாகச் சொன்னார். யாரை அடிக்கிறோம் என்று பார்த்து அடிக்க வேண்டுமாம்.

சிலிண்டரை எதிர்வீட்டில் வாங்கிவைத்திருந்தார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்

148/92. பத்து வீடு.

டப்பாவை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடு. முதலில் ரத்த சாம்பிள் பெட்டியில் வைத்தேன். எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். கைப்பையில் வைத்தால் சாவி, பஞ்சு, பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில் போய்விடுகிறது. கடைசியில் வெள்ளைக் கோட்டின் வலது பையில். மாத்திரை டப்பாவை இடது பைக்கு மாற்றிக்கொண்டேன்.

சென்னையில் ஹாஸ்டலில் இருக்கும் கயலிடம் போனில் சொன்னேன். காலாவதித் தேதியைப் பார்க்கச் சொன்னாள். 2027 என்று போட்டிருக்கிறது. என் ஸ்கூட்டர் இன்சூரன்ஸைவிடப் பரவாயில்லை.

டிசம்பர் 11, வியாழன்

கால் வலி. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 13, சனி

156/98.

இன்று விசாலாட்சி அம்மா வீடு. சர்க்கரை நோயாளி, எழுபது தாண்டியவர், கண் சரியாகத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. இரண்டு வருடமாகப் போகிறேன். அவருக்கு ஊசி வலிப்பதே இல்லை என்பார். எனக்கு ஒரு டம்ளர் டீ எப்போதும் பிளாஸ்க்கில் இருக்கும்.

மூன்று மாதமாக அவர் மகன் சுகுமாரன் வீட்டில் இருக்கிறார். பெங்களூரில் வேலை போய்விட்டதோ, விட்டுவிட்டாரோ தெரியவில்லை. கதவைத் திறப்பது அவர்தான். நாம் உள்ளே நுழைய வழி விடாமல் கதவுக்கும் சுவருக்கும் நடுவிலேயே நிற்பார். இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இன்று ரத்தம் எடுக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். தெரியாமல் பட்டிருக்கலாம். கையில் கட்டும் ரப்பர் பட்டையைக் காணோம் என்று தேடினால் அவர் விரலில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். என்னுடைய சொந்த நம்பர் என்ன சிஸ்டர் என்று கேட்டார். லேப் நம்பரைச் சொன்னேன்.

சேவியர் சாரிடம் அந்த வீட்டை வேறு யாருக்காவது மாற்றித் தரக் கேட்டேன். என்ன நடந்தது என்று கேட்டார். சொல்லிப் பார்த்தபோது எனக்கே ஒன்றும் நடக்காதது போல இருந்தது. மாதப் பேக்கேஜ் வாடிக்கையாளர், பார்த்துப் போங்க என்றார். மாற்றினால் ரெஹானாவுக்குத்தான் போகும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. தெருவில் கோலம் போடுகிறவர்கள் இருப்பதால் ஐந்தரைக்கே வெளிச்சமும் ஆளும் இருக்கிறது. கோலத்தில் ஸ்கூட்டர் ஏறாமல் ஓட்டுவதுதான் கஷ்டம். ஒன்பது வீடு.

டிசம்பர் 22, திங்கள்

154/98. மாத்திரையை மாற்ற வேண்டுமோ என்னவோ.

கயல் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரவில்லையாம், பிராஜெக்ட். ஜனவரி ஒன்றாம் தேதி வருகிறாளாம். அவளுக்குப் பிடித்த முறுக்கு சுடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

டிசம்பர் 27, சனி

இன்று ஏழு வீட்டோடு நின்றுவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

170/104.

டாக்டருக்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்கிறேன். இதை அவரிடம் காட்ட முடியாது.

நேற்று விசாலாட்சி அம்மாவுக்கு ரத்தம் எடுத்து முடித்தேன். டீ வேண்டாம் என்றேன். அவர் உள்ளறையில் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் பெட்டியை மூடிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. சாவியைச் சுகுமாரன் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, தனக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லி சோபாவில் உட்கார்ந்தார். லேபில் பதிவு செய்தால்தான் எடுக்க முடியும், கதவைத் திறங்கள் என்றேன். எழுந்து வந்து என் இடது கை மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தேன், விடவில்லை. செருப்பு அலமாரிமேல் தள்ளினார். கத்துவேன் என்றேன்.

"கத்து. கத்தினா அசிங்கம் உனக்குத்தான்" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார்.

அவர் காலை மிதித்தேன். பெட்டி கீழே விழுந்தது. அவர் பிடி தளர்ந்தது. இரண்டு எட்டு பின்னால் போய், வலது பையிலிருந்து எடுத்து, கையை நீட்டி, கண்ணைப் பார்த்து அழுத்தினேன். கண்ணை மூடவில்லை. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். நான் பக்கவாட்டில் விலகி, சாவியை எடுத்தேன். கதவைத் திறந்தேன். பிறகு வெளியே ஓடினேன்.

ஒரு தடவைதான் அழுத்தினேன்.

எதிர்வீட்டு டீச்சர் கேட்டைத் திறந்துவிட்டார். அங்கிருந்துதான் 112க்குப் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே விசாலாட்சி அம்மா இருமுவது தெருவுக்குக் கேட்டது. டீச்சரையும் அவர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் அம்மாவை வெளியே அழைத்து வந்தோம். குழாயடியில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். தேய்க்காதீங்கம்மா, தேய்க்காதீங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். டீச்சர் சொன்னார். அம்மா யார் எவர் என்று ஒன்றும் கேட்கவில்லை. சுகுமாரனும் உள்ளே பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து விவரம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

பெட்டியில் ஏழு வீட்டு ரத்தம் இருந்தது. எல்லாக் குழாயும் உடைந்துவிட்டது. ஏழு பேரும் மறுபடி பட்டினி கிடக்க வேண்டும். ஒருவர் என் நம்பருக்கே போன் செய்து திட்டினார்.

தொண்டை இன்னும் எரிகிறது. மணிக்கட்டில் நான்கு விரல் தடம். ரெஹானா வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள்.

டிசம்பர் 29, திங்கள்

மகளிர் காவல் நிலையம். பத்து மணிக்குப் போனவள் மூன்று மணிக்கு வந்தேன்.

எஸ்.ஐ. பரமேஸ்வரிதான் எழுதிக்கொண்டார். மணிக்கட்டைப் பார்த்தார், ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டார், டப்பாவைக் கவரில் போட்டு ஒட்டினார். பிறகு சொன்னார், சுகுமாரனும் புகார் கொடுத்திருக்கிறாராம். ரிப்போர்ட் ஏன் தாமதம் என்று கேட்டதற்காக நான் அடித்தேனாம். கதவைப் பூட்டவே இல்லையாம். கீழே விழுந்து கிடந்தவனைத் திரும்பி வந்து இரண்டாவது தடவையும் அடித்தேனாம்.

எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

விசாலாட்சி அம்மாவிடம் நேற்றே விசாரித்துவிட்டார்களாம். நான் உள்ளே படுத்திருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். பெற்ற மகன். வேறு என்ன சொல்வார்.

வரும் வழியில் காய்கறி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெண்டைக்காய் முழுக்க முற்றல்.

டிசம்பர் 30, செவ்வாய்

சேவியர் சார் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். லேப் வாங்கிக் கொடுத்த டப்பா என்பதால் பேப்பரில் லேப் பெயர் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. சுகுமாரனின் மாமா பேசினாராம். இரண்டு பக்கமும் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எட்டு வருடத்தில் முதல்முறையாக விடியற்காலையில் எழ வேலை இல்லை. நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 1, வியாழன்

கயல் வந்தாள். பையை இறக்குமுன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தடம் மஞ்சளாகிவிட்டது. வாபஸ் பேச்சைச் சொன்னேன். கூடாது என்றாள். அவள் இன்னும் சின்னப் பெண், கோர்ட், வாய்தா எல்லாம் தெரியாது என்றேன்.

சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா கதவைப் பூட்டிட்டுச் சொல்வாரே, அந்த மாதிரியா சொன்னான் அந்த ஆளு?"

ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 3, சனி

கயல் கிளம்பிவிட்டாள். வீடு பெருக்கினேன். பரணைத் துடைத்தேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். மறுபடி வீடு பெருக்கினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

இரண்டு தடவை.

ஜனவரி 5, திங்கள்

நேற்று அதை எழுதிவிட்டு நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. யாரிடமிருந்து ஒளிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை அழுத்தியதும் அவர் மண்டியிட்டுவிட்டார். சாவியை எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். கதவு திறந்தது. தெருவில் பால்காரர் சைக்கிள் போனதைக்கூடப் பார்த்தேன். நான் போயிருக்கலாம். ஒரு எட்டு வைத்தால் தெரு.

நான் திரும்பினேன். உள்ளே இரண்டு எட்டு வைத்தேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டிருந்தார். பொத்தியிருந்த கையைக் காலால் தள்ளிவிட்டு மறுபடி முகத்தில் அழுத்தினேன். ஒரு நொடி இல்லை. அதைவிட நிறைய நேரம். டப்பா சீறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உள்ளறையிலிருந்து இருமல் வந்தது. முதல் தடவையில் அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதுதான் அவர் அறைக்குப் போனது.

கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. ரொம்ப நிதானமாக இருந்தேன். கரூரில் அந்த வீட்டின் ஹால்தான் தெரிந்தது. பச்சை பெயின்ட் அடித்த சுவர், சாவி தொங்கும் ஆணி. கயலின் அப்பா கதவைப் பூட்டி, பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, அதே குரலில்தான் சொல்வார், கத்தினால் உனக்குத்தான் அசிங்கம் என்று. ஒன்பது வருடம் நான் கத்தவில்லை. இதை எழுதியதே இல்லை. இவ்வளவுதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

சுகுமாரன் புகாரில் எல்லாம் பொய். அந்த ஒன்று மட்டும் உண்மை. என் வாக்குமூலத்தில் எல்லாம் உண்மை. அந்த ஒன்று மட்டும் பொய்.

ஜனவரி 6, செவ்வாய்

காவல் நிலையம் போனேன். எஸ்.ஐ. வெளியே போயிருந்தார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் என்றேன். சொன்னேன். கரூரைச் சொல்லவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

"பயத்துல இருக்கிறப்போ யாரும் தராசு வச்சு நிறுத்து அடிக்க முடியாது, அது கோர்ட்டுக்கும் தெரியும். ஆனா நீங்க கதவைத் திறந்துட்டேன்னு சொல்றீங்க. அப்போ அது பயத்துல அடிச்சதுன்னு நான் எழுத முடியாது."

எழுத வேண்டாம் என்றேன்.

என் மேலும் ஒரு சின்ன வழக்கு வரும் என்றார். காயம் ஏற்படுத்தியதாக. அபராதம் ஆகலாம், எச்சரித்தும் விடலாம், மாஜிஸ்திரேட்டைப் பொறுத்தது. அதனால் முதலாவது தப்பாகிவிடாது, அது என் உரிமைதான் என்றார். கடைசியாக, வாசல்வரை வந்து ஒன்று சொன்னார். இதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் எதிர் வக்கீல் கோர்ட்டில் நிரூபித்திருப்பார். டப்பாவின் எடையைப் போட்டாலே தெரிந்துவிடும். அப்போது கதவைப் பூட்டியதும் பொய்யாகப் போயிருக்கும்.

நான் அவ்வளவு யோசித்துப் போகவில்லை. சொல்லாமல் இருப்பது களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

சுகுமாரனின் மாமாவுக்குப் போன் செய்து, வாபஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

160/98. பழைய நோட்டு, புது நோட்டு இரண்டிலும் எழுதுகிறேன், பழக்கம்.

நீங்களே போய் ஒப்புக்கொண்டீர்களாமே என்றார் சேவியர் சார். வேலையை விட்டு எடுக்கவில்லை. வீடுகளுக்குப் போக வேண்டாம், லேப் கவுன்டரில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ரத்தம் எடுத்தால் போதும் என்றார். என் வீடுகளை ரெஹானாவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எந்தக் கையில் நரம்பு நன்றாக இருக்கும் என்று ரெஹானாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கயல் வந்திருந்தாள். குக்கரிலேயே வைத்தோம். நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 24, சனி

காலை ஏழரைக்குக் கவுன்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். விசாலாட்சி அம்மா தனியாக வந்தார். ஆட்டோக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார். யார் ரத்தம் எடுப்பார்கள் என்று கேட்டார். என் குரலைக் கேட்டதும் தவமணியா என்றார். வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று வலது கையை நீட்டினார்.

பட்டையைக் கட்டினேன். நரம்பு உடனே கிடைத்தது. ரத்தம் குழாயில் ஏறியது. பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னபோதுதான் ஆரம்பித்தார்.

"அன்னைக்குப் பூட்டுற சத்தம் கேட்டுச்சு. கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு. வீட்டு வேலைக்கு வந்த பொண்ணு ஐப்பசியில திடீர்னு நின்னுடுச்சு. அப்பவும் பூட்டுற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

நான் குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டினேன்.

"ரெண்டு தடவை சீறுற சத்தம் கேட்டுச்சு. முதல்ல கொஞ்சம். அப்புறம் நீ கதவைத் திறந்த. அப்புறம் நிறைய. ரெண்டாவது எதுக்கும்மா?"

"அது உங்க பிள்ளைக்கு இல்லைங்கம்மா" என்றேன்.

அவர் பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

"பட்டது அவன் கண்ணுலதானே."

"ஆமாங்கம்மா. தப்புதான். போலீஸ்ல சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினார். இங்கிருந்து மகளிர் காவல் நிலையத்துக்கு ஆட்டோ எவ்வளவு நேரம் என்று கேட்டார். பூட்டிய சத்தத்தையும் சொல்லப் போகிறேன், வேலைக்காரப் பெண்ணையும் சொல்லப் போகிறேன், உன்னுடைய இரண்டாவதையும் சொல்லப் போகிறேன் என்றார். எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன். கூட வருகிறாயா என்று கேட்டார். நான் வரக்கூடாது, நான் சொல்லிக் கொடுத்து வந்ததாக ஆகிவிடும் என்றேன். வெறும் வயிற்றில் போக வேண்டாம் என்று எதிர்க்கடையில் இரண்டு இட்லி வாங்கி வந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்லி, கைபிடித்து உள்ளே கொண்டுபோய் விடச் சொன்னேன்.

ஆட்டோ போன பிறகு டோக்கன் பன்னிரண்டைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே கோபமாக இருந்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

எஸ்.ஐ. போன் செய்தார். வேலைக்கு வந்த அந்தப் பெண்ணும் புகார் கொடுத்துவிட்டாள். சுகுமாரனைக் கைது செய்துவிட்டார்களாம். விசாலாட்சி அம்மா இப்போது எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் சாப்பிடுகிறாராம்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். துணி காயப்போட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

140/90. கோர்ட்டுக்குப் போகும் நாளில் இப்படி.

கண்டோன்மென்ட் கோர்ட். என் பெயரைக் கூப்பிட ஒன்றரை மணி ஆகிவிட்டது. வெயில். ரெஹானா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என் வக்கீல், இலவச சட்ட உதவியில் கிடைத்த சின்னப் பெண், ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் போதும், சீக்கிரம் முடிந்துவிடும் என்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டாள்.

கூண்டில் ஏறினேன். மாஜிஸ்திரேட் அம்மா தாளைப் படித்துவிட்டு, சுகுமாரன் மீது பெப்பர் ஸ்ப்ரே அடித்துக் காயம் ஏற்படுத்தியதாக வழக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வக்கீல் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ரெண்டாவது தடவை அடிச்சதை ஒத்துக்கிறேங்கம்மா. முதல் தடவை அடிச்சதை ஒத்துக்க மாட்டேன்."

அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி அதையே சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பின்னால் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முதல் தடவைக்கு யாரும் உங்கள் மேல் வழக்குப் போடவில்லை, இந்த வழக்கே இரண்டாவதற்குத்தான் என்றார் அவர். அதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் டைப் அடிப்பவரைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை, தானாக வந்து உண்மையைச் சொன்னவர் என்று வக்கீல் சொன்னாள். மாஜிஸ்திரேட் எச்சரித்து விட்டுவிட்டார். இனி இப்படி நடக்கக் கூடாது என்றார். சரிங்கம்மா என்றேன். கையெழுத்துப் போட்ட இடத்தில் வியர்வை பட்டு மை பரவிவிட்டது. வேறு தாளில் போடச் சொன்னார்கள்.

சுகுமாரன் மேலுள்ள வழக்கு தனியாக நடக்கிறது. ஜூனில் நான் சாட்சி சொல்லப் போக வேண்டும். அதற்கும் ஒரு நாள் லீவு.

வெளியே வந்து ரெஹானாவோடு ஒரு எலுமிச்சை ஜூஸ் குடித்தேன். அவள் என் தோளில் கைபோட்டுக்கொண்டு எதுவோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புத்தூர் நால்ரோட்டில் இறங்க வேண்டியவள், சத்திரம் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து எழுப்பியபோதுதான் கண் விழித்தேன். இவ்வளவு சத்தத்தில் எப்படிம்மா தூங்கினீங்க என்று கேட்டார்.